பட்டம் ஒன்று, சம்பளம் இரண்டு

போன இதழில் "மனைவி கணவனைவிட அதிகம் சம்பாதித்தால் குடும்பம் தாங்குமா?" என்று ஒருவர் கேட்டதற்கு "குடும்பம் தாங்கும், கணவன் தாங்குவானா பாருங்கள்" என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. எழுதியவர்கள் பெரும்பாலும் மாஸ்டர்ஸ், பிஎச்.டி. முடித்த பெண்கள், சில கணவன்மார்களும் உண்டு. ஆகவே இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு விடுமுறை.

என் மகள் முனைவர் பட்டம் வாங்கிவிட்டாள். பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் "சம்பளம் எவ்வளவு?" என்கிறார்கள். சொல்லலாமா?
— கவலைப்படும் தாய், ஆயர் ஈத்தாம்

தாராளமாகச் சொல்லுங்கள். கையோடு மாப்பிள்ளையின் சம்பளத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஒரு பெண்ணின் சம்பளத்தை முகத்துக்கு நேரே கேட்கிற துணிச்சல் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும்தான் இருக்கிறது. கூட வேலை பார்க்கிறவர்கள் அதே கேள்வியை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் பாதி முதலாளிகளுக்குத் தூக்கம் போய்விடும்.

அரசாங்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்தானே ஐயா? எதற்கு இந்தப் புலம்பல்?
— ஓய்வுபெற்ற குமாஸ்தா, பட்டர்வொர்த்

ஒரே சம்பளம்தான். ஆனால் அது மெர்டேக்காவோடு சேர்ந்து வந்த சீதனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. 1957-ல் கொடி மாறிய பிறகும் பன்னிரண்டு வருஷம் நிலைமை வேறு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பட்டம், ஒரே பாடம். வாத்தியாருக்கு ஒரு சம்பள அட்டவணை, டீச்சரம்மாவுக்கு அதைவிடக் குறைந்த இன்னொன்று. அந்த டீச்சரம்மா கழுத்தில் தாலி ஏறினால் நிரந்தர வேலை போய்விடும். தற்காலிக ஊழியராக மறுபடி சேர வேண்டும். கல்யாணத்துக்கு மொய் எழுதுவார்கள். அரசாங்கம் அந்த மொய்யைத் திருப்பி வசூலித்தது.

அதை மாற்றப் பாடுபட்டவர்களில் முன்னால் நின்றவர் நம்மவர், ராசம்மா பூபாலன். 1927-ல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். பிறகு பட்டம் படித்து ஆசிரியையானார். 1960-ல் பெண் ஆசிரியர்களுக்கென்றே தனிச் சங்கம் எழுந்தபோது அதன் தலைவியானார். பர்மாக் காட்டையே பார்த்தவருக்குக் கல்வி அமைச்சின் மேசை எம்மாத்திரம்! அந்தப் பத்தாண்டு முழுக்கக் கூட்டம், மனு, பேச்சுவார்த்தை. 1967-ல் நீதிபதி சுஃபியான் தலைமையிலான சம்பள ஆணையம் சம ஊதியத்தைப் பரிந்துரைத்தது. 1969-ல் அரசாங்கச் சேவையில் அது நடைமுறைக்கு வந்தது. மணமான பெண்களுக்கு நிரந்தர வேலைக்கும் அப்போதுதான் வழி பிறந்தது.

நீங்கள் வேலையில் சேர்ந்தது எந்த வருஷம்? 1969-க்கு முன்னால் என்றால், பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஒரு மன்னிப்புக் கடன் பாக்கி இருக்கிறது.

என் பாட்டி கெடா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். படிப்பு வாசனையே கிடையாது. பட்டதாரிப் பெண்கள் சம்பளக் குறை பேசினால் எனக்குச் சிரிப்பு வருகிறது.
— பேரன், சுங்கை பட்டாணி

சிரித்துவிட்டு இந்தக் கணக்கையும் பாருங்கள். தோட்டத்தில் அன்றைக்கு ஒரு நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. 1930-ல் ரப்பர் விலை விழுந்ததும் 40, 32 என்று குறைத்தார்கள். அடியிலும் ஒரு ஒழுங்கு: ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது மட்டும் மாறவில்லை. 1936 கடைசியில் இந்தியாவிலிருந்து சீனிவாச சாஸ்திரியார் வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். மறு வருஷம் வந்த அவர் அறிக்கை, பழைய கூலியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதாவது 50, 40. நியாயம் கேட்க வந்த அறிக்கையிலும் அந்தப் பத்துக் காசு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

பாட்டி வெட்டிய மரத்தில் மட்டும் பால் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவா வடிந்தது? பேத்திக்கு மாஸ்டர்ஸ் இருக்கிறது; கேள்வி பாட்டியுடையதுதான்.

எனக்கு இளங்கலைப் பட்டம்தான். மனைவி முனைவர். ஆனால் நான்தான் அதிகம் சம்பாதிக்கிறேன். பெருமைப்படலாமா?
— குளுகோர்க் கணவர்

படலாம். பெருமைப்படுகிற நேரத்தில் சமைத்தது யார் என்றும் எழுதியிருக்கலாம்.

அவரும் நானும் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் சேர்ந்தோம். இருவருக்கும் மின்னணுவியலில் மாஸ்டர்ஸ். தொடக்கச் சம்பளமும் ஒன்றே. பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் மேனேஜர். நான் சீனியர் இன்ஜினியர். யாரும் என்னை ஏமாற்றியதாகத் தெரியவில்லை. எங்கே கோட்டை விட்டேன்?
— இரண்டு பிள்ளைகளின் தாய், பாயான் பாரு

இரவு பத்து மணிக்கு, தங்கச்சி.

கலிபோர்னியாவில் காலை ஏழு மணி ஆகும்போது பினாங்கில் இரவு பத்து. தலைமையகத்துக்காரர் காப்பியோடு உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்குவார். நீங்கள் கேமராவை அணைத்து வைத்துவிட்டு, தோளில் ஒன்றும் மடியில் ஒன்றுமாக, ஒலிவாங்கியைத் திறக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அவர் திறந்து பேசினார். அவர் வீட்டிலும் பிள்ளை அழுதிருக்கும். அதைத் தூக்க அங்கே இன்னொரு பெண் இருந்தாள். அவளும் எங்கோ ஒரு கம்பெனியில் "சீனியர்" ஆகவே நின்றுபோயிருப்பாள்.

இது நானாகக் கட்டிய கதை இல்லை. 2023-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய கிளாடியா கோல்டின் வாழ்நாள் முழுக்கத் தோண்டியது இந்தக் கிணற்றைத்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990 முதல் 2006 வரை எம்.பி.ஏ. முடித்தவர்களை இரண்டு சகாக்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். வெளியே வந்தபோது ஆண் பெண் சம்பளம் கிட்டத்தட்ட ஒட்டித்தான் இருந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் பெரிய பள்ளம். மூளை மழுங்கிவிடவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள், நடுவில் எத்தனை மாதம் விலகினார்கள் என்பதில்தான் பள்ளத்தின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. இரண்டுக்கும் முக்கியமான காரணம் வீட்டில் தொட்டில் ஆடியது.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இந்த மாதிரி வேலைகளில் அறுபது மணி நேரம் உழைப்பவருக்கு, முப்பது மணி நேரம் உழைப்பவரைப்போல் இரண்டு மடங்கு சம்பளம் என்று நிற்பதில்லை. அதற்கும் மேலே போகிறது. கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறவருக்குத் தனி விலை. ஆகவே கணவனும் மனைவியும் ஆளுக்குப் பாதி வீட்டைப் பார்த்தால் மொத்த வருமானம் குறைகிறது. ஒருவர் ஆபீஸுக்கு நேர்ந்துவிடப்பட்டால் கூடுகிறது. யாரை நேர்ந்துவிடுவது என்று உங்கள் வீட்டில் பேசி முடிவெடுத்தீர்களா? எடுத்திருக்க மாட்டீர்கள். பேசாமலேயே முடிவானதால்தான் யாரும் ஏமாற்றியதாகத் தெரியவில்லை.

ராத்திரியில் கண்விழித்து உழைப்பவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தானே? இதில் ஆண் என்ன, பெண் என்ன?
— மேனேஜர் (மேலே உள்ளவர் அல்ல), தஞ்சோங் பூங்கா

கடைசி அடைப்புக்குறியை நான் நம்பவில்லை. இருக்கட்டும்.

உழைத்தவனுக்குக் கூலி நியாயம். அந்த வேலையை அந்த ஒருவன்தான் அந்த நேரத்தில் செய்ய வேண்டுமா என்று யாரும் கேட்காததுதான் அநியாயம். மருந்தாளர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் மருந்துக்கடை என்றால் முதலாளியே மருந்தாளர். கடை அவர் உயிர். ராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். அப்புறம் பெரிய சங்கிலிக் கடைகளும் மருத்துவமனைகளும் வந்தன. மருந்துகள் பெட்டியில் தயாராக வந்தன. நோயாளியின் விவரம் கணினிக்குப் போயிற்று. காலை ஷிப்டில் இருப்பவர் விட்ட இடத்திலிருந்து மாலை ஷிப்டுக்காரர் தொடங்கலாம் என்றாகிவிட்டது. விளைவு? படித்தவர்கள் செய்யும் வேலைகளில் ஆண் பெண் சம்பள வித்தியாசம் மிகக் குறைந்த தொழில்களில் ஒன்று அது. பகுதி நேரம் பார்த்தாலும் மணிக்கணக்குக் கூலி விழுவதில்லை. சட்டமோ போராட்டமோ வரவில்லை. ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்க முடிந்தது, அவ்வளவே.

உங்கள் பத்து மணிக் கூட்டத்தின் குறிப்பை எழுதி வைத்தால் காலை எட்டு மணிக்கு இன்னொருவர் தொடர முடியாதா? "முடியாது" என்று சொல்வதற்கு முன், போன வருஷம் நீங்கள் லங்காவி போயிருந்த வாரம் தொழிற்சாலை நின்றுபோயிற்றா என்று விசாரியுங்கள்.

தந்தையர்க்கு 7 நாள் விடுப்பு. போதுமா?
— புது அப்பா, பிறை

வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களுக்கு நாசி கண்டார் பொட்டலம் வாங்கிவர, போதும்.

பெண்கள்தான் சம்பளம் குறைந்த படிப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?
— புள்ளிவிவரப் பிரியர், ஜெலுத்தோங்

பாதி உண்மை. மறுபாதி இது: அமெரிக்காவில் 1950 முதல் 2000 வரை மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு தொழிலில் பெண்கள் கூடக் கூட, அதே படிப்பு, அதே திறமை கேட்கிற அந்தத் தொழிலின் சம்பளம் பின்தங்கியது. அதாவது சம்பளம் குறைந்த இடமாகப் பார்த்துப் பெண் போவது ஒரு பக்கம். பெண் போன இடத்தில் சம்பளம் குறைவது இன்னொரு பக்கம். நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களில் பெண்கள் பாதிக்கு வெகு மேலே. உங்கள் வாதப்படி இனி எந்தப் படிப்பு பாக்கி?

நான் பேராசிரியை. சம்பள நிலை ஆண்களுக்கும் எனக்கும் ஒன்றே. ஆனால் ஆய்வகம், உதவியாளர், ஆய்வு நிதி என்று வரும்போது ஏதோ இடிக்கிறது. நிரூபிக்க முடியவில்லை.
— பெயர் வேண்டாம்

ஒரு அளவு நாடா வாங்குங்கள்.

நிஜமாகத்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் நான்சி ஹாப்கின்ஸ் என்று ஒரு மூலக்கூறு உயிரியலாளர். வரிக்குதிரை மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்யத் தொட்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. "உங்களுக்கு எல்லாரையும் போலத்தான் இடம் இருக்கிறது" என்ற பாட்டு. அம்மணி ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத நேரத்தில் கட்டடம் முழுக்க ஆய்வகங்களை அளந்தார். ஆண்களுடையது பெரிது என்று அடிக்கணக்கில் எழுதினார். பிறகு மற்றப் பெண் பேராசிரியர்களிடம் பேசினார். அப்போது அங்கே அறிவியல் பிரிவில் நிரந்தரப் பதவி பெற்ற ஆண்கள் 190-க்கும் மேலே. பெண்கள் 15 பேர். ஒவ்வொருத்தியும் "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைத்துக்கொண்டிருந்தாள். 1999-ல் இதைப் பற்றிய அறிக்கை வெளியானபோது பல்கலைக்கழகத் தலைவரே குறையை ஒப்புக்கொண்டு எழுதினார். சம்பளத்திலும் இடத்திலும் பெண்களுக்குக் குறை இருந்தது அதில் வெளிப்பட்டது.

நம் ஊர்க் கதைக்கும் வருகிறேன். அரசாங்கச் சேவையில் சம ஊதியம் வந்த அதே 1969-ல்தான் மிண்டனில் இருக்கிற நம் அறிவியல் பல்கலைக்கழகமும் பிறந்தது. அப்போது பெயர் பினாங்குப் பல்கலைக்கழகம். அதன் துணைவேந்தர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தது 2016-ல்: டைஃபாய்டு காய்ச்சலைக் கண்டறியும் பரிசோதனையை உருவாக்கிய அஸ்மா இஸ்மாயில். 47 வருஷம். சம்பளச் சீட்டு ஆண் பெண் பார்ப்பதில்லை; நாற்காலி வெகுநாள் பார்த்தது.

எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை, ராத்திரிக் கூட்டத்துக்கும் போகிறேன். ஆனாலும் கூட இருக்கும் ஆணைவிடக் குறைவு. உங்கள் நோபல் கதை எனக்குப் பொருந்தவில்லையே?
— 38 வயது, எம்.எஸ்சி., பூலாவ் திக்குஸ்

பொருந்தவில்லைதான், நீங்கள் சொல்வது சரி. இன்றைக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் நாளைக்கு வரக்கூடும் என்று முதலாளி முன்கூட்டியே கழித்துக்கொள்கிறார். நாற்பது தாண்டிவிட்டால் "அவருக்குக் குடும்பம் இருக்கிறது, உனக்கென்ன செலவு?" என்கிறார். அதாவது பெண்ணுக்குப் பிள்ளை இருந்தால் சம்பளம் குறைய ஒரு காரணம். ஆணுக்குப் பிள்ளை இருந்தால் கூடுவதற்கு ஒரு காரணம். பிள்ளை ஒன்றுதான். இதற்கு நாகரிகமான பெயர் எதுவும் தேவையில்லை, பச்சைப் பாகுபாடு.

சட்டம் என்னதான் சொல்கிறது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
— வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவள், புக்கிட் மெர்தாஜாம்

சட்டமே சுற்றி வளைக்கிறது அம்மா, நான் என்ன செய்ய? 1997-ல் மலேசியா சம ஊதியம் பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கையை ஏற்றது. 2001-ல் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவில் பால் அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்று சேர்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ், கர்ப்பமானதால் வேலை இழந்தவர், நீதிமன்றத்தின் படியேறினார். 2005-ல் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் இந்தப் பாதுகாப்பு அரசாங்கத்தின் செயலுக்கு எதிராகத்தான், தனியார் ஒப்பந்தத்துக்குள் நுழையாது என்றுவிட்டது. அப்புறம் நூர்ஃபடிலா என்ற தற்காலிக ஆசிரியை. கர்ப்பம் என்று தெரிந்ததும் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர் 2011-ல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். எதிராளி அரசாங்கம் என்பதால் சட்டம் பாய்ந்தது.

தனியார் துறைக்கு 2023 ஜனவரி 1 முதல்தான் ஒரு பிடி கிடைத்திருக்கிறது. திருத்திய வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்படி, வேலையிடத்துப் பாகுபாடு பற்றித் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். தலைமை இயக்குநர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். அவர் உத்தரவை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனதும் அதே திருத்தத்தில்தான். வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு எழுதிக்கொடுத்தால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்.

ஓட்டை எங்கே? "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் எவ்வளவு என்று தெரியாமல் என்னவென்று புகார் எழுதுவீர்கள்? பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகள் 2017 முதல் ஆண் பெண் சம்பள இடைவெளியை ஊரறிய வெளியிட வேண்டும். நம் நாட்டில் சம்பளத்தைப் பிறரிடம் சொல்லக்கூடாது என்று வேலைக் கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிற கம்பெனிகள் உண்டு. முதலில் உடைக்க வேண்டியது அந்தப் பூட்டை.

வித்தியாசம் மாதம் 500 வெள்ளிதான். இதற்குப்போய் மேலாளரிடம் சண்டை போடச் சொல்கிறாள் தங்கை. விட்டுத் தொலைக்கலாமே?
— சமாதான விரும்பி, ஆயர் ஈத்தாம்

பென்சிலை எடுங்கள். உங்கள் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 சதவீதம், முதலாளி பங்கு 12, ஆக 23. 500 வெள்ளிக்கு அது 115. வருஷத்துக்கு 1,380. முப்பது வருஷத்தில் 41,400 வெள்ளி, லாப ஈவையே சேர்க்காமல். உங்கள் பங்கு போகக் கையில் வராமல் போன சம்பளம் தனியாக 1,60,200. அடுத்த உயர்வும் போனஸும் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். உங்கள் சமாதானத்துக்கு நல்ல விலைதான். தங்கை பக்கம் என் ஓட்டு.

நேர்முகத்தில் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் வேலை போய்விடுமோ?
— வேலை தேடும் முனைவர், குளுகோர்

கேட்கிறவர் உங்கள் படிப்புக்கு விலை வைக்கப் போவதில்லை. பழைய முதலாளி வைத்த விலையின் மேல் பத்து சதவீதம் போடப் போகிறார். பழைய இடத்தில் ஏமாந்தது புது இடத்துக்கும் பின்னாலேயே வரும். இதனால்தான் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், வேலைக்கு எடுப்பதற்கு முன் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்று 2016-ல் சட்டம் போட்டது. இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அவர்கள் சீட்டைக் கேட்பதற்கு முன் நீங்கள் தொகையைச் சொல்லிவிடுங்கள். அந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பது? அதே வேலையில் இருக்கிற ஆண் நண்பர் இருவரிடம் கேட்டு. பெண் தோழிகளிடம் மட்டும் கேட்டால் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

உங்கள் பத்திரிகையில் பெண் எழுத்தாளர்களுக்கும் உங்களுக்கும் ஒரே சன்மானமா?
— போட்டுப் பார்ப்பவள், லிட்டில் இந்தியா

சத்தியமாக ஒரே சன்மானம்தான். போன மாதத்தினுடையது இரு பாலாருக்கும் இன்னும் வரவில்லை.